நம் பக்கத்து ஆவணத்தையும் சரிபார்ப்போம்

கிளைகளிலிருந்தும், மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகளிலிருந்தும் அண்மைக் காலமாக ஒரே வகையான வேண்டுகோள் வந்துகொண்டிருக்கிறது. திரையிடுவதற்கு நல்ல ஆவணப்படங்களின் பட்டியல் வேண்டும். இயன்றால் தமிழ் சப்டைட்டிலும் வேண்டும் என்பதே அது. மகிழ்ச்சிக்குரிய வேண்டுகோள். கைப்பேசியில் வந்து குவியும் பொய்களுக்கு நடுவே, ஒரு புரொஜெக்டரையும் வெள்ளைத் துணியையும் வைத்துக்கொண்டு ஐம்பது பேரை இரண்டு மணிநேரம் ஒன்றாக உட்கார வைப்பது சிறிய பணியன்று.

ஆனால் அநேகமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சொற்றொடர் தவறாமல் இடம்பெறுகிறது: 'நம் கருத்துக்கு ஏற்ற படமாக இருக்கட்டும்.' இந்தச் சொற்றொடரைப் பற்றித்தான் தோழர்களிடம் பேச விரும்புகிறேன்.

ஒரு வரி விடுபட்ட கதை

பல ஆண்டுகளுக்கு முன்பு, தில்லிக்கு அருகே நடந்த ஓர் ஆயத்த ஆடைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய குறும்படத்திற்குத் தமிழ் வரிகள் எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. எடுத்தவர்கள் நம் பக்கத்து இளைஞர்கள். ஆங்கில வரிகள் தயாராக இருந்தன, அவற்றையே தமிழாக்கினேன். தில்லியில் வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் வாழும் ஒரு குடியிருப்பில் படம் திரையிடப்பட்டது. முடிந்ததும் ஒரு மூதாட்டி எழுந்து, "அந்தப் பொண்ணு இன்னும் ஒண்ணு சொல்லுச்சே தம்பி, அதை ஏன் எழுதல?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. படத்தில் வரும் பெண் தொழிலாளி இந்தியில் இரண்டு வாக்கியங்கள் பேசுகிறார். சங்கம் வந்த பிறகுதான் சூப்பர்வைசர் கை நீட்டுவது நின்றது என்பது முதலாவது. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்தால் நாங்கள் எப்படி வருவது என்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் மட்டுமே இருந்தது. எனக்கு இந்தி தெரியும். ஆயினும் கண்ணை ஆங்கில எழுத்தில் பதித்துவிட்டுக் காதை மூடிக்கொண்டிருந்தேன். படத்தில் பொய் ஏதும் இல்லை. அந்தப் பெண் சொன்னதைத்தான் காட்டினோம். ஆனால் அவர் சொன்ன முழுவதையும் காட்டவில்லை.

ஆவணமும் காட்சியும்

தமிழ் படித்தவன் என்ற முறையில் 'ஆவணப்படம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கு எனக்கு நினைவுக்கு வரும். திருமண நாளன்று ஒரு முதியவர் வந்து, மணமகன் தன் அடிமை என்கிறார். பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருப்பதாகவும் சொல்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. மெய்ப்பிப்பதற்கு மூன்று வழிகள் அங்கே பேசப்படுகின்றன: ஆட்சி, ஆவணம், காட்சி. அதாவது வழக்காறு, எழுத்துச் சான்று, நேரில் கண்டவர் சாட்சியம். பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவை தீர்ப்புச் சொல்கிறது.

பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு இதைப் பார்த்தால் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஆவணம் என்று ஒன்று நீட்டப்பட்டாலே அது உண்மையாகிவிடுவதில்லை. வேறொன்றுடன் ஒப்பிட்ட பிறகே அதற்கு மதிப்பு. இரண்டாவது பாடம் இதைவிட முக்கியமானது. கையெழுத்து ஒத்துப்போனது, ஆனால் பிறக்காத பேரனை அடிமையாக எழுதிக்கொடுக்க ஒரு பாட்டனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அந்த ஓலையின் முன் அடங்கிப்போனது. தகவல்கள் யாவும் சரியாக இருக்கும்போதே கேட்கப்பட வேண்டிய கேள்வி மறைந்துபோக முடியும். ஆவணப்படங்களில் நாம் தேட வேண்டிய சார்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

பக்கம் சார்ந்திருப்பது வேறு, மறைப்பது வேறு. கேமராவை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும்போதே படமெடுப்பவர் ஒரு பக்கம் நின்றுவிடுகிறார். குடிசையின் உள்ளிருந்து புல்டோசரைப் படமெடுப்பதும், புல்டோசரின் மேலிருந்து குடிசையைப் படமெடுப்பதும் ஒன்றல்ல. நடுநிலை என்ற பெயரில் இரண்டுக்கும் சம நேரம் ஒதுக்குவது நேர்மையும் ஆகாது. நாம் குடிசையின் பக்கம். ஆனால் அந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதனாலேயே, குடிசையில் இருப்பவர் சொன்னதில் பாதியை வெட்டும் உரிமை நமக்குக் கிடைத்துவிடாது.

அரசின் கேமரா

என் வயதொத்தவர்களுக்குத் திரையரங்கில் முதற்படத்திற்கு முன்பு ஓடும் நியூஸ் ரீல் நினைவிருக்கும். 1948 இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையிட வேண்டும் என்பது திரையரங்க உரிமத்தின் நிபந்தனையாகவே இருந்தது. அணைகளும் ஆலைகளும் வந்தன. அணையால் ஊரை இழந்தவர்கள் வரவில்லை. அணை பொய்யில்லை, வெளியேற்றப்பட்டவர்கள் விடுபட்டதுதான் சார்பு.

அதே நிறுவனம்தான் 1967 இல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி இயக்கிய 'ஐ ஆம் 20' என்ற படத்தையும் தந்தது. சுதந்திரம் பெற்ற ஆண்டில் பிறந்த இளைஞர்கள் தம் நாட்டைப் பற்றி நம்பிக்கையோடும் கசப்போடும் அதில் பேசுகிறார்கள். அரசுப் பணத்தில் எடுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இது சான்று. பணம் யாருடையது என்று கேட்பது விசாரணையின் தொடக்கம், அதுவே தீர்ப்பாகிவிடாது.

அரசு எதைப் பார்த்து அஞ்சியது என்பதற்கு கே.ஏ. அப்பாஸின் வழக்கு எடுத்துக்காட்டு. கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வச் செழிப்பையும், அந்நகரங்களைக் கட்டிய உழைப்பாளிகளின் வறுமையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டிய 16 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் அவருடையது. உழைப்பாளர்கள் பாடும் ஒரு பாடலைத் தவிர அதில் பேச்சே இல்லை. அதற்கும் எல்லோரும் பார்க்கத்தக்க படம் என்ற சான்றிதழ் எளிதில் கிடைக்கவில்லை. 1970 இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதே ஒரு வாதம் என்பதைத் தணிக்கையாளர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பார்வையாளராகிய நாமும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தனக்கு எதிரான குரலை வைத்திருக்கும் படம்

ஆனந்த் பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்' (1985) பம்பாயில் குடிசைகள் இடிக்கப்படுவதைப் பற்றியது. அதில் வீடிழந்த ஒரு பெண் கேமராவின் மீதே சீறிப் பாய்கிறார். படம் பிடித்துக்கொண்டு போய் நீங்கள் பெயர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதே அவர் கோபத்தின் சாரம். வெட்டியெறிய எளிதான காட்சி அது, இயக்குநர் வெட்டவில்லை. படத்தில் நான் மதிக்கும் இடங்களில் இதுவே முதன்மையானது.

அவருடைய 'ராம் கே நாம்' (1992) ரத யாத்திரைக் காலத்தில் அயோத்தியில் எடுக்கப்பட்டது. எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அது மறைக்கவில்லை. ஆனாலும் கரசேவகர்கள் தம் சொந்தக் குரலில், தம் சொந்தச் சொற்களில் பேசுகிறார்கள். மறுபுறம், நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட பூசாரியான லால்தாஸ் மதவெறி அரசியலைக் கண்டித்துப் பேசுகிறார். 1993 இல் அவர் கொல்லப்பட்டார். இருவரையும் கேட்ட பிறகு பார்வையாளர் தாமே முடிவுக்கு வர முடிகிறது.

14 ஆண்டுகள் உழைத்து எடுக்கப்பட்ட 'ஜெய் பீம் காம்ரேட்' (2011) நமக்குச் சங்கடமான படம். சங்கடமானது என்பதனாலேயே நம் கிளைகளில் அவசியம் திரையிடப்பட வேண்டியதும்கூட. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் காவல்துறை சுட்டதில் 10 தலித் மக்கள் உயிரிழந்தனர். சில நாட்களில் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே தலையில் நீலத் துணியைக் கட்டிக்கொண்டு தற்கொலை செய்துகொண்டார். தாம் பாடிவந்த இடதுசாரிக் கலைக்குழுவிலிருந்து அவர் விலக்கப்பட்டிருந்தார் என்பதையும் படம் சொல்கிறது. வர்க்கத்தைப் பேசியவர்கள் சாதியை எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்று கேட்கும் படத்தை 'நம் கருத்துக்கு ஏற்றதா' என்ற அளவுகோலால் அளந்தால், அதைப் பட்டியலிலிருந்து நீக்க நேரிடும். பிழை அப்போது அளவுகோலில்தான் இருக்கும்.

படம்பிடிக்கப்பட்டவர்களின் மறுப்பு

உத்தரப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில் கிராமப்புறப் பெண்கள், குறிப்பாகத் தலித் பெண்கள், 2002 இல் தொடங்கிய செய்தித்தாள் 'கபர் லஹரியா'. அது அச்சிலிருந்து கைப்பேசிக்கு மாறிய காலத்தைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021) ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நம் தோழர்கள் பலரும் கொண்டாடிய படம். நானும் கொண்டாடினேன்.

2022 மார்ச்சில், விருது விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, அந்த நிறுவனமே ஓர் அறிக்கை வெளியிட்டது. தாங்கள் ஒரே ஒரு கட்சியைப் பற்றிய செய்திகளிலேயே மூழ்கியிருப்பதுபோலப் படம் காட்டுகிறது. அது தங்கள் பணியின் முழுமையான சித்திரம் அன்று. எல்லாக் கட்சிகளையும் கேள்வி கேட்பதே தங்கள் இதழியல் என்பது அதன் சாரம். படத்தை எடுத்தவர்களின் கலையுரிமையை அவர்கள் மறுக்கவில்லை. ஒரு பகுதியை மட்டும் சொன்னால் முழுமை திரிந்துபோகக்கூடும் என்றார்கள்.

நமக்குப் பிடித்த கட்சிக்கு எதிராக அந்தப் படம் திரும்பியிருந்தால் இந்த மறுப்பை நாம் பெரிதாக அச்சிட்டிருப்போம். நமக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றியது என்பதால் பலரும் அதைப் படிக்காமலே கடந்தோம். படத்தைத் திரையிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரையிடுவோம், முடிந்ததும் அந்த அறிக்கையின் சாரத்தையும் அவையில் சொல்வோம். ஒடுக்கப்பட்டோரின் குரல் என்று போற்றிவிட்டு, அந்தக் குரலே நம்மைத் திருத்தும்போது காது கேளாதவர்போல் இருக்க முடியாது.

தடையும் உண்மையும்

2023 ஜனவரியில் பிபிசியின் 'இந்தியா: தி மோடி க்வெஸ்டியன்' வெளியானபோது, ஒன்றிய அரசு அவசர அதிகாரங்களைப் பயன்படுத்தி அதன் இணைப்புகளை முடக்கியது. மாணவர்கள் பல வளாகங்களில் அதைத் திரையிட முனைந்தனர். மறுமாதமே பிபிசி அலுவலகங்களுக்கு வருமான வரித்துறை வந்தது. அந்தத் திரையிடல்கள் சரியானவை, தேவையானவை. எனினும், தடை செய்யப்பட்டது என்பது ஒரு படம் முழு உண்மை என்பதற்குச் சான்றாகாது. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்திற்கும் தனக்கென்று பார்வை உண்டு. தடையின் பெருங்கேடு, மக்கள் பார்த்து, ஒப்பிட்டு, எடைபோடும் வாய்ப்பையே அது பறித்துவிடுகிறது என்பதுதான்.

அதே ஆண்டில் 'தி கேரளா ஸ்டோரி' எதிர்த்திசையில் வந்தது. கதைப்படம் ஆவணத்தின் வேடம் தரித்தது. அதன் முன்னோட்டத்தில் 32,000 பெண்கள் என்ற எண் முழங்கியது. அந்த எண்ணுக்கு நம்பத்தகுந்த தரவு இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்க்கத் தயாரிப்பாளர் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் எண் ஓடிய தூரத்தில் அறிவிப்பு நடக்கக்கூட இல்லை. எனவே திரையில் ஓர் எண் தோன்றினால், யார் எண்ணியது, எப்போது எண்ணியது என்று கேட்டுப் பழக வேண்டும். நம் படங்களில் வரும் எண்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

என்ன செய்யலாம்

பட்டியல் கேட்டவர்களுக்கு இதோ: மேலே சொன்ன 'ஹமாரா ஷஹர்', 'ராம் கே நாம்', 'ஜெய் பீம் காம்ரேட்', 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆகியவற்றோடு, விவசாயிகள் தற்கொலையை இதழாளர் சாய்நாத்தின் பயணத்தின் வழியே காட்டும் தீபா பாட்டியாவின் 'நீரோஸ் கெஸ்ட்ஸ்' (2009), தமிழகத் தூய்மைப் பணியாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017). மாறுதலுக்கு 'ஐ ஆம் 20'.

திரையிடும் தோழர் படத்தை முன்கூட்டியே இருமுறை பார்த்துவிட வேண்டும். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது நல்லது. இசை ஊட்டிய உணர்ச்சி எவ்வளவு, காட்சி தந்த சான்று எவ்வளவு என்று அப்போது தெரியும். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றி மட்டும் பேசப்படுகிறது, பணம் எங்கிருந்து வந்தது, படத்திற்கு எழுந்த மறுப்பு என்ன என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். படம் முடிந்ததும் உரையாற்றத் தொடங்காமல், முதலில் பார்த்தவர்களைப் பேச விட வேண்டும். படத்தின் மொழி தெரிந்தவர் ஒருவர் அவையில் இருந்தால் அவரை முன்வரிசையில் அமர்த்துங்கள்.

விடுபட்ட அந்த வரியைப் பிறகு நான் தமிழில் சேர்த்தேன். அதே குடியிருப்பில் மீண்டும் படம் திரையிடப்பட்டபோது, இரவு எட்டு மணிக் கூட்டம் பற்றிய வாக்கியம் வந்ததும் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு எழுந்தது. படம் முடிந்ததும் அவர்கள் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, நம் கூட்டங்கள் எத்தனை மணிக்கு நடக்கின்றன என்று கேட்டார்கள். அந்தக் கிளையின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு மாற்றப்பட்டது.