மஞ்சள் விளக்கு எதைச் சொல்கிறது?

பிரேக் தேய்மான விளக்கு எரிந்ததும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, கராஜுக்கு போன் போட்டு பேட் எல்லாத்தையும் மாத்தச் சொல்றது. இல்லைன்னா, "சென்சர்தான் ஏதோ பண்ணுது" என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுறது. அந்த விளக்கு உண்மையில் எதைப் பார்த்து எரிகிறது என்று தெரிந்தால் இரண்டுமே தேவைப்படாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் சொல்வது மஞ்சள் நிற விளக்கைப் பற்றி. ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஓரமா நிறுத்திட்டு உதவிக்குக் கூப்பிடுங்க. நிறங்கள் காருக்குக் கார் கொஞ்சம் மாறும். கையேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துடுங்க.

பல ஐரோப்பியக் கார்களில் பிரேக் பேடுக்குள் ஒரு சின்ன வயர் வளையம் இருக்கும். கம்ப்யூட்டர் அதில் சிறிதளவு மின்சாரத்தை அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பேட் தேய்ந்து வயர் இருக்கும் ஆழத்துக்கு வந்ததும் டிஸ்க் அந்த வயரையும் சேர்த்து அறுத்துவிடும். சுற்று அறுந்தது, விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்.

ஆக, கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 'சுற்று அறுந்தது' என்பது மட்டுமே. பேட் தேய்ந்து அறுந்ததா, உப்புத் தண்ணீர் பட்டு கனெக்டர் அரித்ததா என்று அதற்குத் தெரியாது. மென்பொருளிலும் நாங்கள் முக்கியமான இடங்களில் இப்படித்தான் செய்வோம்: பதில் வரவில்லை என்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள். பொய் எச்சரிக்கை சில நேரம் வரும். ஆனால் வயர் அறுந்தும் சத்தமில்லாமல் இருப்பதைவிட அது மேல்.

எங்கள் காரில் போன மார்ச் மாதம் இந்த விளக்கு எரிய ஆரம்பித்தது. இங்கே டொராண்டோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். விளக்கு எப்போதும் எரியவில்லை. ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பும்போது மட்டும் எரிந்தது. இது நல்ல தடயம். பிரேக்கை மிதிக்கும்போது மினுக்கினால் பேடைச் சந்தேகப்படலாம். திருப்பும்போது மினுக்கினால் வயரைச் சந்தேகப்படலாம், ஏன்னா சக்கரத்தோடு சேர்ந்து வளையறது அதுதான்.

சந்தேகம் எதுவானாலும் முதல் வேலை பேடைக் கண்ணால் பார்ப்பது. சமதரையில் நிறுத்தி, ஜாக் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். புது பேட் பொதுவா 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். சென்சர் இருந்த இடது முன்சக்கரத்தில் 8 இருந்தது. அப்போ கோளாறு மின்சாரப் பக்கம்.

அடுத்து மல்டிமீட்டர். சென்சர் பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு முனைகளிலும் வைத்தேன். கிட்டத்தட்ட 0 ஓம் காட்டியது. சென்சர் நல்லாத்தான் இருக்கு. (சில கார்களின் சென்சருக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அவற்றில் 0 வராது.) பிறகு கார் பக்கத்து பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, கேபிளைக் கையால் மெதுவாக வளைத்துக்கொண்டே போனேன். மனைவி வெளியே நின்றபடி திறந்த கதவு வழியா டாஷ்போர்டைப் பார்த்து, "எரியுது… அணைஞ்சிடுச்சு… மறுபடி எரியுது" என்று சொல்லிக்கிட்டே இருந்தாங்க. பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலுறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, புது வயர் சேர்த்து, தண்ணீர் புகாத உறை போட்டதும் விளக்கு அணைந்தது. சில கார்களில் ரீசெட்டும் செய்ய வேண்டியிருக்கும்.

"அந்த ரெண்டு முனையையும் முறுக்கிக் கட்டிடு, லைட்டே வராது" என்று ஒரு நண்பர் சொன்னார். வராதுதான். பேட் முழுசா தேய்ந்தாலும் வராது. சோதனைக்கு ஐந்து நிமிடம் போடலாம், போட்டதை எடுத்துடணும்.

கதை இதோடு முடியவில்லை. பல கார்களில் இந்த சென்சர் நான்கு சக்கரத்திலும் கிடையாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று சென்சர் இல்லாத வலது முன்சக்கரத்தையும் கழற்றினேன். வெளிப்பக்க பேட் 7 மில்லிமீட்டர். உள்பக்க பேட் 3தான். காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய பின் துரு ஏறி இறுகியிருந்தது. அதனால் உள்பக்க பேட் மட்டும் விடாமல் உரசியிருக்கிறது. எச்சரித்த சக்கரத்தில் பிரேக் நன்றாக இருந்தது. தேய்ந்த சக்கரத்துக்கு எச்சரிக்க ஆளே இல்லை. தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகிற கார் இது. இரண்டு முன்சக்கர பேடுகளையும் ஜோடியாக மாற்றி, பின்னையும் சுத்தம் செய்து கிரீஸ் போட்டாச்சு.

குளிர்நாட்டில் இருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றுகிறோம். சக்கரம் எப்படியும் கழறுது. நீங்களே மாற்றினாலும் சரி, கராஜில் மாற்றினாலும் சரி, அன்று நான்கு சக்கரத்திலும், முக்கியமா உள்பக்க பேடு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதி வையுங்க. கராஜில் "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னால் விடாதீங்க. எட்டு எண்களையும் கேட்டு வாங்குங்க.