மலையின் அழகு கூலியாகாது



ஒருவர் தமக்குப் பிடித்த வேலையைச் செய்கிறார் என்பதற்காக அவருடைய கூலியைக் குறைக்கலாமா? கேட்டால் எல்லோரும் கூடாது என்றே கூறுவோம். ஆயினும் நடைமுறையில் அதுவே நிகழ்கிறது. அமெரிக்காவின் பனிச்சறுக்குத் தலங்களில் பணிபுரிவோரின் நிலை இதற்குத் தெளிவான சான்றாகும்.

அங்கு செல்லும் விருந்தினர் காண்பது வெண்பனி போர்த்திய மலையையும் மகிழ்ச்சியையும்தான். அதற்குப் பின்னாலுள்ள உழைப்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. இயற்கைப் பனி போதாதபோது இயந்திரத்தால் பனி தூவ வேண்டும். அதற்குக் கடுங்குளிர் தேவை என்பதால் அப்பணி பெரும்பாலும் இரவில்தான் நடைபெறுகிறது. சரிவுகளைச் சமன்செய்யும் கனரக வண்டிகளும் விருந்தினர் உறங்கும் வேளையிலேயே ஓடுகின்றன. மலையேற்றும் லிஃப்ட்டின் அருகே நிற்பவர் பனிக்காற்றில் நின்றபடியே நாளைக் கழிக்கிறார்.

இவர்களுள் பனிக் காவலர்களின் பணி ஆபத்து மிகுந்தது. பெரும்பனி பெய்த நாள்களில் தலம் திறக்கும் முன்னரே அவர்கள் மலையேறுகிறார்கள். வெடிபொருள்களைப் பயன்படுத்தி, ஆபத்தான பனித்திரளை மக்கள் வருவதற்கு முன்பாகவே சரியச் செய்கிறார்கள். விபத்தில் காயமுற்றவரைச் சறுக்குப் படுக்கையில் கிடத்திக் கீழே கொண்டுவருவதும் அவர்களே.

இத்தகைய பணிக்கு என்ன கூலி? யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலைத்தலத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 7,300 ஏக்கர் பரப்புடைய அத்தலத்தை வெய்ல் ரிசார்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் நடத்துகிறது. 2024ஆம் ஆண்டு இறுதியில் அங்கு பனிக் காவலரின் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர். அதே பருவத்தின் நெரிசல் மிகுந்த நாள்களில், வாயிலில் விற்கப்பட்ட ஒருநாள் சீட்டின் விலையோ 300 டாலரைத் தாண்டியது. அதாவது, அந்தச் சீட்டின் விலையை ஈட்ட ஒரு காவலர் 14 மணி நேரத்துக்கும் மேலாக உழைக்க வேண்டும்.

வேலையோ பருவத்துக்கு மட்டுமே உரியது. வசந்தத்தில் பனி கரைந்தால் வருமானமும் நின்றுவிடும். செல்வந்தர்களின் விடுமுறை இல்லங்கள் பெருகியதால் வாடகை உயர்ந்து, ஊழியர் பலர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து வந்து செல்கின்றனர். பெரு, அர்ஜென்டினா போன்ற நாடுகளின் மாணவர்களும் தங்கள் கல்லூரி விடுமுறையில் தற்காலிக விசாவில் இத்தலங்களுக்கு வருகிறார்கள். சொந்த நாட்டைவிட்டு வந்து சில மாதங்களே தங்கும் அவர்களால் உரிமைக்குக் குரல் எழுப்புவது எளிதன்று.

இலவசமாகச் சறுக்கலாம், அழகிய மலையில் வாழலாம், இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சலுகை நல்லதுதான். ஆனால் வீட்டு உரிமையாளர் வாடகைக்குப் பதிலாக மலையின் அழகைப் பெற்றுக்கொள்வதில்லை. மளிகைக் கடைக்காரரும் அவ்வாறே.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. பனி குறைந்த ஆண்டில் அதற்கும் இழப்பு நேரும். 2022ஆம் ஆண்டில் அது தன் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 20 டாலராக உயர்த்தியதையும் மறுக்க இயலாது. ஆயினும் உயிர்காக்கும் பயிற்சி பெற்றவருக்கு அதைவிட ஒரு டாலர் மட்டுமே கூடுதல் என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை.

2024 டிசம்பர் 27 அன்று பார்க் சிட்டியின் சுமார் 200 காவலர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொடக்கக் கூலியை 23 டாலராக உயர்த்த வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கை. விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த அந்நாள்களில் மலையின் பெரும்பகுதி திறக்கப்படவில்லை. விருந்தினர் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். 2025 ஜனவரி 8 அன்று உடன்பாடு ஏற்பட்டது. தொடக்கக் கூலி 2 டாலர் உயர்ந்தது. அனுபவம் மிக்கவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

மலையை வெறுத்தவர்கள் அல்லர் அவர்கள். அம்மலையிலேயே நிலைத்து வாழ விரும்பியே போராடினார்கள். ஒருவருடைய பற்று அவர் முதலாளிக்கு அளிக்கும் தள்ளுபடி அன்று என்பதையே அவர்கள் உணர்த்தினார்கள்.

உழைப்பாளியின் கூலியைத் தாமதமின்றி வழங்குமாறு கட்டளையிடும் நபிமொழியை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். அவ்வாறு வழங்கும் கூலி நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் அல்லவா? நம் கடையில் நிற்கும் பையனுக்கும், நம் வீட்டில் பணிபுரியும் பெண்மணிக்கும், நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவருக்கும் கூலி பேசும்போது, நம் அன்பையும் அவர்களின் ஆர்வத்தையும் கணக்கில் சேர்க்காதிருப்போம். அவற்றைத் தனியே வைத்துவிட்டு, வாடகையும் உணவும் போக அவர்கள் கையில் என்ன மிஞ்சும் என்று முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.