உங்க நாய்க்கு பில் இருக்கா?

எங்க சித்தி பையன் பாளையங்கோட்டையில வீட்ல இருந்துக்கிட்டே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பாக்குறான். ரெண்டு வருஷமா ஒரு சிப்பிப்பாறை வளர்த்தான். பேரு கருப்பன். தினமும் காலையில குறுக்குத்துறை பக்கம் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போவான், அங்க போனதும் சங்கிலியை அவுத்து விட்டுருவான். ஒருநாள் போன் பேசி முடிச்சுத் திரும்பிப் பார்த்தா நாய் இல்லை. ரெண்டு பேர் பைக்ல நடுவுல வச்சுக் கொண்டு போனதா குளிக்க வந்த ஒரு பெரியவர் சொன்னார்.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். முதல் கேள்வி, "நாயோட மதிப்பு எவ்வளவு தம்பி?"

"ஃப்ரெண்ட் சும்மா குடுத்தது சார்."

"அப்போ மதிப்பு ஒண்ணும் இல்லைன்னு எழுதிரவா?"

அவன் என்னைப் பார்க்கிறான். ஊர்ல இருக்கிற கம்பெனிக்கெல்லாம் சொத்து மதிப்பு சரி பார்த்துக் கையெழுத்துப் போடுற நான், பதில் தெரியாம நின்னேன். அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சதுதான் இந்தப் பதிவு.

சட்டத்துல நாய் ஒரு அசையும் பொருள். கேக்கக் கஷ்டமா இருக்கும், ஆனா உங்க பைக், லேப்டாப் மாதிரிதான். அதனால நாயைத் தூக்கிட்டுப் போனா அது திருட்டு. இதுல சந்தேகத்துக்கே இடமில்லை. 1860-ல எழுதின இந்திய தண்டனைச் சட்டம், திருட்டுன்னா என்னன்னு விளக்குறதுக்கே நாயைத்தான் உதாரணமாச் சொல்லுது: ஒருத்தன் பாக்கெட்ல தீனி வச்சு அடுத்தவர் நாயைத் தன் பின்னாடி வரவைக்கிறான், கெட்ட எண்ணத்தோட செஞ்சா, நாய் அவன் பின்னாடி நடக்க ஆரம்பிச்ச உடனே திருட்டு முடிஞ்சுபோச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து நடப்புல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவும், அதாவது பிஎன்எஸ், 303-வது பிரிவுல அதே உதாரணத்தை அப்படியே வச்சிருக்கு.

புதுச் சட்டத்துல கூடுதலா வந்தது ஒண்ணு இருக்கு, அதுதான் நம்ம பிரச்சினை. திருட்டுக்கு மூணு வருஷம் வரைக்கும் சிறை. ஆனா பொருளோட மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ இருந்து, ஆள் முதல் தடவை மாட்டி, பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் குடுத்துட்டா வெறும் சமூக சேவைதான் தண்டனை. இதை விட முக்கியம், பிஎன்எஸ்எஸ் முதல் அட்டவணையில இந்த 5,000-க்குக் கீழ உள்ள வகையை போலீஸ் தானா விசாரிக்க முடியாத குற்றமாப் போட்டிருக்காங்க. மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் விசாரிக்கணும். நீங்க உத்தரவு வாங்கி முடிக்கிறதுக்குள்ள நாய் எந்த ஊர்ல இருக்குமோ!

ஆக, ஸ்டேஷன்ல கேட்ட அந்த முதல் கேள்வி கிண்டல் இல்லை. கேஸோட தலையெழுத்தே அதுலதான் இருக்கு.

இப்போ நம்ம ஊர் நிலைமையை யோசிங்க. கடையில வாங்குன லாப்ரடாருக்காவது ஒரு பில், கென்னல் கிளப் சர்ட்டிஃபிகேட் ஏதாவது இருக்கும். நம்ம சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் எப்படிக் கைமாறுது? கோவில்பட்டி பக்கம் மாமா வீட்ல குட்டி போட்டிருக்கும், ஒண்ணு தூக்கிட்டு வருவோம். கன்னி நாயைக் கல்யாணச் சீராக் கொடுப்பாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. காசு வாங்குனாலும் கையில வாங்கி மடிச்சு வச்சுக்குவாங்க. 2005-ல ராஜபாளையத்துக்குத் தபால் தலை வந்தாச்சு, 2020 ஆகஸ்ட்ல மன் கி பாத்ல பிரதமர் நம்ம நாய்கள் பேரையெல்லாம் சொல்லியாச்சு. வாங்க ஆள் இருக்கு. திருடுறவனுக்கு அதோட விலை நல்லாத் தெரியும். அந்த விலையைக் காகிதத்துல காட்ட முடியாதவங்க வளர்க்குற நாம மட்டும்தான்.

சரி, என்ன பண்ணலாம்? காசு குடுத்து வாங்குனா யுபிஐ-ல குடுங்க, குறிப்புல "சிப்பிப்பாறை ஆண் குட்டி"ன்னு போடுங்க. ஒரு வெள்ளைத்தாள்ல நிறம், வயசு, அடையாளம், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்க. சும்மா குடுத்தா அன்பளிப்புன்னு ஒரு கடிதம். (வரி வருமான்னு கமெண்ட்ல கேப்பீங்க. கிஃப்ட்டுக்கு வரி போடுற பொருள் பட்டியல்ல நாய் இல்லை. நிம்மதியா இருங்க.) அன்பளிப்பா வந்த நாய்க்கு, கால்நடை மருத்துவர்கிட்ட இனம், வயசு, அடையாளம், உத்தேச மதிப்பு போட்டு ஒரு சான்று கேளுங்க. தடுப்பூசி புக்ல உங்க பேரு இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. எங்க சித்தி பையன் நாய் புக்ல, குட்டியைக் குடுத்த ஃப்ரெண்ட் பேருதான் இருந்துச்சு.

ரூம்மேட்ஸ் சேர்ந்து வளர்க்குறவங்களுக்கும் இது பொருந்தும். எம்.பி. மஹுவா மொய்த்ராவும் வழக்கறிஞர் ஜெய் ஆனந்த் தேஹாத்ராயும் ஹென்றிங்கிற ஒரு ராட்வைலர் யாருக்குன்னு டெல்லியில கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க. சட்டம் தெரிஞ்சவங்களுக்கே அந்த நிலைமை.

அடுத்தது மைக்ரோசிப். அரிசி மணி சைஸ், தோலுக்கு அடியில ஊசி மாதிரி போடுவாங்க. அதுல 15 இலக்க நம்பர் இருக்கும், உங்க போனோட ஐஎம்இஐ மாதிரியே. நிறைய பேர் இதை ஜிபிஎஸ்-னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, இல்லை. நாய் எங்க இருக்குன்னு இது சொல்லாது. நாய் கிடைச்சதும் யாருதுன்னு நிரூபிக்க உதவும், அதுவும் அந்த நம்பரை உங்க பேர்ல, இப்போதைய போன் நம்பரோட பதிஞ்சு வச்சிருந்தாத்தான். சென்னை மாநகராட்சி 2025-ல வளர்ப்பு நாய்க்கு இதைக் கட்டாயமாக்கிருச்சு. நம்ம ஊர்ல கட்டாயம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலயோ, உங்க டாக்டர்கிட்டயோ கேளுங்க. காலர்ல ஏர்டேக் மாட்டலாம்தான், ஆனா அது பக்கத்துல ஐபோன் இருந்தாத்தான் இடம் காட்டும். சேரன்மகாதேவி தாண்டி ஒரு தோட்டத்துல கட்டி வச்சா பிரயோஜனம் இல்லை. காலரைக் கழட்டி எறிய ரெண்டு செகண்ட்.

இன்சூரன்ஸ்? 2020-ல இருந்தே தனியார் கம்பெனிகள்ல நாய்க்கு பாலிசி இருக்கு, அப்போ பஜாஜ் அலையன்ஸ்னு பேர் வச்சிருந்த கம்பெனி மாதிரி. திருட்டு, காணாமப் போறது இதெல்லாம் சேர்த்துக்கிற வசதியும் உண்டு. என் கருத்து: திருட்டுக்காக மட்டும் எடுக்காதீங்க. ஆஸ்பத்திரி செலவுக்காக எடுத்தா, கூட அதையும் சேருங்க. க்ளைம்ல அவங்க கேக்கப்போறதும் மதிப்புக்கும் உரிமைக்கும் ஆதாரம்தான். காகிதம் இல்லாதவனுக்கு பிரீமியம் வீண்.

இப்போ பணம் போற இன்னொரு வழி. கருப்பன் காணாமப் போன அன்னைக்கே இவன் இன்ஸ்டாகிராம்ல போட்டோ, போன் நம்பர், "20,000 சன்மானம்" எல்லாம் போட்டுட்டான். சாயங்காலத்துக்குள்ள மூணு போன். ஒருத்தன், "நாய் மதுரையில இருக்கு அண்ணே, வண்டி வாடகை 3,500 ஜிபே பண்ணுங்க." பதட்டத்துல அனுப்பிட்டான். அந்த நம்பர் அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை. 1930-ல புகார் குடுத்தோம்.

போஸ்டர் போடுங்க, ஆனா தொகையைப் போடாதீங்க. ஒரு அடையாளத்தை உங்களோடயே வச்சுக்கோங்க, காதுக்குள்ள மச்சம், பின்னங்கால் தழும்பு, ஏதாவது. போன் பண்றவன்கிட்ட அதைக் கேளுங்க. இல்லைன்னா வீடியோ கால்ல நாயைக் காட்டச் சொல்லுங்க. காட்டாதவனுக்கு ஒரு ரூபாய் அனுப்பாதீங்க.

பெரிய சன்மானத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம ஜில்லாவுல வெள்ளைக்காரன் காலத்துல மாடு களவு போனா, 'துப்பு' சொல்ல ஒரு ஆள் வருவார். தொகையைக் குடுத்தா மாடு எங்கேயோ ஒரு மரத்துல கட்டிக் கிடக்கும். அதுக்குப் பேரு துப்புக்கூலி. களவாணிக்கும் துப்பு சொல்றவருக்கும் என்ன உறவுன்னு ஊருக்கே தெரியும். இந்தப் பழக்கத்துக்குன்னே சட்டத்துல ஒரு பிரிவு இருந்துச்சு, இப்பவும் பிஎன்எஸ் 252-ல இருக்கு: களவு போன பொருளை மீட்டுத் தர்றேன்னு காசு வாங்கிக்கிட்டு, களவாணியைப் பிடிக்க முயற்சி எடுக்காதவருக்கு ரெண்டு வருஷம் வரைக்கும். "20,000 சன்மானம், கேள்வி கேக்க மாட்டோம்"னு போஸ்ட் போடுறது அந்தத் துப்புக்கூலியோட இன்ஸ்டாகிராம் பதிப்பு. 2021-ல லேடி காகாவோட நாய்கள் களவு போனப்போ அஞ்சு லட்சம் டாலர் அறிவிச்சாங்க. நாய்களைக் கொண்டு வந்து குடுத்த பெண்ணே அந்தக் கேஸ்ல கைதாகி, பிறகு சன்மானம் தரலைன்னு வழக்கும் போட்டாங்க!

போலீஸ் புகார்ல மதிப்பை நீங்களே எழுதி ஆதாரத்தை இணைங்க. சிஎஸ்ஆர் நகல் வாங்காம வெளியே வராதீங்க. எடுக்க மாட்டேன்னா மாநகர எல்லைக்குள்ள கமிஷனர் ஆபீஸ், வெளியே எஸ்.பி. ஆபீஸ், எழுத்துல அனுப்புங்க.

எனக்கு இந்த 5,000 ரூபாய் கோடே நாய்க்குப் பொருந்தாதுன்னு தோணுது. இங்கிலாந்துல 2024-ல செல்லப்பிராணி கடத்தலுக்குன்னு தனிச் சட்டம் போட்டு, அஞ்சு வருஷம் வரைக்கும் சிறைன்னு வச்சாங்க. அங்க நாயோட சந்தை விலையைப் பார்த்து குற்றத்தை எடை போடலை. இங்கயும் அப்படி வரணும். வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது காகிதம்தான்.

கருப்பன் கிடைக்கலை. ஆறு மாசம் கழிச்சு, எட்டயபுரம் பக்கம் ஒருத்தர்கிட்ட இன்னொரு குட்டி பார்த்தோம். காசை யுபிஐ-ல போட்டுட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன். "எங்க தாத்தா காலத்துல இருந்து நாய் குடுக்கேன், ஒருத்தனும் கையெழுத்து கேட்டதில்ல அண்ணாச்சி. நம்பிக்கை இல்லையா?"ன்னார். "உங்க மேல இருக்கு"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துட்டு, சட்டைப் பையில பேனா தேடினார்.