‘எழுதியாயிற்று’ என்று எப்போது சொல்லலாம்?

நெற்குதிர் இருந்த வீடுகளில் அடுப்படியில் ஓர் அரிசிப் பானையும் இருக்கும். அன்றாடச் சமையலுக்குப் பானை. ஆண்டு முழுவதற்கும் குதிர். கணிப்பொறியின் சேமிப்பும் இத்தகையதே. விரைவாக இயங்கும் நினைவகம் விலை மிகுந்தது, ஆதலால் சிறியது. மலிவானது பெரியது, ஆனால் மெதுவானது. இரண்டையும் ஒன்றேபோல் தோன்றச் செய்ய இயலுமா?

இயலும் என்று காட்டியது, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கி 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறி. அதன் காந்த வளைய நினைவகத்தில் 16,384 சொற்கள்தாம் அடங்கும். சுழலும் காந்த உருளைகளிலோ 98,304 சொற்கள். தரவுகளை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தார்கள். எந்தப் பக்கம் உடனே தேவைப்படாது என்று கணிப்பொறியே கணித்து, அதை உருளைக்கு அனுப்பியது. நிரல் எழுதியவருக்கு எல்லாம் ஒரே நினைவகமாகத் தெரிந்தது.

இன்று உருளையின் இடத்தில் கிளவுட் வந்திருக்கிறது. கிளவுட் என்றால் வானத்து மேகமன்று. தொலைவிலுள்ள கட்டடத்தில் அடுக்கப்பட்ட வட்டுகளே. உங்கள் கணிப்பொறி வட்டைப் பெரும்பாலும் 4,096 பைட் தொகுதிகளாகக் கையாளுகிறது. எந்தத் தொகுதி வீட்டில், எது தொலைவில் என்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு, நெடுநாள் தொடாதவற்றை அனுப்பிவிடலாம். ஒவ்வொன்றாக அனுப்பினால் கட்டுபடியாகாது. 1,024 தொகுதிகளைச் சேர்த்து 4 மெகாபைட் மூட்டையாகக் கட்டுவது நல்லது. லினக்ஸில் என்.பி.டி. என்றொரு வசதி உண்டு. அதைக் கொண்டு நீங்கள் எழுதிய நிரலையே ஒரு வட்டு என்று கணிப்பொறியை நம்பவைக்கலாம். பள்ளி மாணவரால் முடியாத வேலையன்று இது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர 2,000. ஆகவே எவ்வளவு திறமையான பொறியாளரானாலும் 10 மில்லி விநாடிக்குள் அங்கிருந்து பதில் பெற இயலாது. அருகிலுள்ள எஸ்.எஸ்.டி. வட்டோ ஏறத்தாழ அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் பதில் தரும். (அட்லஸின் உருளை ஒருமுறை சுழல 12 மில்லி விநாடி ஆயிற்று. அறுபது ஆண்டு ஓடியும் பழைய காத்திருப்புக்கே திரும்பிவிட்டோம்!)

காத்திருக்கப் பொறுமையில்லாமல்தான் தவறு நுழைகிறது. தரவு இன்னும் மின்சாரத்தை நம்பியிருக்கும் தற்காலிக நினைவகத்தில் இருக்கும்போதே ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் காட்டிவிடுகிறார்கள். முதுகலை படித்தபோது ஓரிரவு முழுதும் கண்விழித்து அளவீடுகள் எடுத்தேன். திரை அப்படித்தான் சொல்லிற்று. விடியற்காலையில் மின்சாரம் நின்றது. திரும்ப வந்தபோது கோப்பு வெறுமையாக இருந்தது. அளவீடு போனதைவிட, கருவி பொய் சொன்னதே எனக்கு உறுத்திற்று.

என் கருத்து இது: ‘சேமிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல் இங்கே போதாது. வீட்டு வட்டில் உண்மையாகவே பதிந்த பின் ஒரு செய்தி. தொலைவிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வந்தபின் மற்றொரு செய்தி. முதலாவது மின்தடையிலிருந்து காக்கும். வட்டே பழுதானால் காக்காது. இரண்டாவது வந்து, சரிபார்ப்பு எண்ணும் பொருந்தினாலன்றி வீட்டுப் பிரதியை அழிக்கக் கூடாது. இதனால் வேகம் குறையும், வட்டில் இடமும் கூடுதலாக வேண்டும் என்பர். உண்மைதான். வேகம் வேண்டுவோர் அதைத் தேர்ந்துகொள்ளட்டும். ஆனால் எதை இழக்கக்கூடும் என்று அவர்களிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

விடுமுறையில் இதைச் சோதித்துப் பாருங்கள். யாருக்கும் தேவைப்படாத பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில், 1 முதல் எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் ‘எழுதியாயிற்று’ என்று திரையில் காட்டும் நிரலை ஓடவிடுங்கள். நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரையில் கடைசியாகத் தோன்றிய எண் எது, மீண்டும் இயக்கியபின் வட்டில் கிடைத்த கடைசி எண் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.