மலைவாசலில் ஓர் இரவு

பெருமாள் சந்நிதியில் தீர்த்தம் பெறும் அன்பர்கள் அதன் மணத்தை அறிவார்கள். துளசியோடும் பச்சைக் கற்பூரத்தோடும் அதில் ஏலமும் கலந்திருக்கும். கல்விக் கடவுளாம் ஹயக்ரீவருக்கு ஏலக்காய் மாலை சாத்திப் பேரப்பிள்ளைகளின் தேர்வுக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அந்த ஏலத்தின் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைகளில் விளைகிறது. அது விலை பேசப்படும் ஊர்கள் இரண்டு. ஒன்று கேரளத்தின் புற்றடி. மற்றொன்று தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலத்துக்கே ஏலம் நடக்கும் ஊர் அது.

அவ்வூரின் மேற்கே முந்தல் என்னும் அடிவாரத்திலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால், சுமார் 4,500 அடி உயரத்தில், இரு மாநிலங்களின் எல்லையாகப் போடிமெட்டு நிற்கிறது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்டுவரும் சாலை இதுவே. மேலைக் கடலிலிருந்து சேதுவுக்கு வருவோருக்குத் தமிழகத்தின் வாசல் இதுதான்.

வாசலில் நிற்பவர் எவரும் அங்கேயே தங்குவதில்லை. விடுமுறை நாள்களில் வரிசையாக ஏறும் வாகனங்கள் மெட்டில் ஒரு தேநீர் அருந்தும் நேரம் நின்று, மூணாறு நோக்கிப் போய்விடுகின்றன. மூணாறு வரையிலான சாலை அண்மையில் அகலப்படுத்தப்பட்ட பின் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. போடிக்காரர்களின் நெடுநாள் மனக்குறை இது.

இதைவிட வியப்பானது கொழுக்குமலையின் நிலை. உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று எனப் பெயர் பெற்ற அம்மலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஜீப் செல்லும் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் இருக்கிறது. சூரிய உதயம் காண வருவோர் அங்கேயே அறை எடுத்து, அங்கேயே உண்டு, அங்கேயே ஜீப்பும் பிடிக்கிறார்கள். மலை இங்கே, வருமானம் அங்கே. இதில் எவர்மீதும் குற்றமில்லை. பாதை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணமும் இறங்கும்.

போடியின் வரலாறே இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து இரும்புக் கயிற்றுப் பாதையில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியே வெளியூர் சென்றது. அந்நாளில் மலைக்கு ஊரும் ஊருக்கு மலையும் துணையாக இருந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அதுவும் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட காத்திருப்புக்குப் பின், 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. இன்று மதுரையிலிருந்து மட்டுமன்றிச் சென்னையிலிருந்தும் ஏறிய பெட்டியிலேயே போடியில் இறங்கலாம். முழங்கால் வலியுள்ள முதியோருக்கு இது பெரும் அனுகூலம்.

பாதை திரும்பிவிட்டது, பயன் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். இருபது பேர் ஒரு வேனில் வருவதாகக் கொள்வோம். கட்டுச்சோறு உண்டு, தேநீர் மட்டும் வாங்கிச் சென்றால் ஊருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அவர்களே ஓர் இரவு தங்கினால், விடுதி அறை, இரவு இட்லி, காலையில் கோயில் வாசலில் பூ, ஆட்டோ, ஊருக்குத் திரும்புகையில் கால் கிலோ ஏலக்காய் எனச் செலவு பல கைகளுக்குப் போகிறது. பூ விற்றவர் அப்பணத்தை மளிகைக் கடையில் கொடுப்பார். மளிகைக்காரர் பள்ளிக் கட்டணம் செலுத்துவார். ஒரே ரூபாய் ஊருக்குள் நான்கு முறை நடக்கும். வெளியூர் வங்கிக் கணக்குக்கு நேரே போய்ச் சேரும் ரூபாய் ஒருமுறைகூட நடப்பதில்லை. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி, ஏலத் தோட்ட வேலை முடித்து அந்தியில் இறங்கும் போடிப் பெண்களில் சிலருக்கேனும் சொந்த ஊரிலேயே பிழைப்பு அமைய இதுவும் ஒரு வழி.

தங்குவதற்குக் காரணமும் குறைவில்லை. ஊரில் சுப்பிரமணிய சுவாமியும், குன்றின்மேல் பரமசிவனும் கோயில் கொண்டிருக்கிறார்கள். போடியைத் தங்குமிடமாகக் கொண்டால், சுயம்புவாய் எழுந்தருளிய குச்சனூர் சனீஸ்வரர், முல்லையாற்றங்கரை வீரபாண்டி கௌமாரியம்மன், சின்னமனூர் பூலாநந்தீசுவரர் ஆகியோரை அவசரமின்றித் தரிசிக்கலாம். தலத்தில் ஓர் இரவேனும் தங்க வேண்டும் என்று முன்னோர் வைத்த வழக்கம் தங்கியவருக்குப் புண்ணியம். தங்கவைத்த ஊருக்குப் பிழைப்பு. வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தது இவ்வாறுதான்.

ஆயினும் கூட்டம் பெருகுவதே வளர்ச்சி என்று எண்ணிவிடலாகாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ அதை உணர்த்தியது. மலையேற்றத்துக்கு வந்த இளையோர் உட்பட 23 உயிர்கள் பிரிந்தன. காய்ந்த புல்லும் காற்றும் கூடும் கோடைத் தொடக்கத்தில், காட்டின் போக்கு அறியாதவர் மலையில் என்ன செய்ய இயலும்? அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்னும் திட்டத்தில் மாநிலமெங்கும் 40 மலைப்பாதைகள் முன்பதிவு முறையில் திறக்கப்பட்டன. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றுள் ஒன்று. பழங்குடி மக்களும் வனத்தை ஒட்டிய ஊர்களின் இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தீ அபாயக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. உள்ளூர்க்காரர் முன்னே நடக்க, வந்தவர் பின்னே நடப்பது: பாதுகாப்பும் பிழைப்பும் ஒன்றாய்க் கூடும் முறை இதுவே. மலையேறத் துடிக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டிகள் சொல்லியனுப்ப வேண்டிய முதல் வார்த்தையும் இதுவே.

போடிக்குச் செல்லும் பெரியோர் மனத்தில் கொள்ளத்தக்கவை சில உண்டு. மலைப்பாதையில் பகலிலேயே ஏறி இறங்குதல் நலம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவு நேர்வதுண்டு, ஆதலால் விசாரித்துப் புறப்பட வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவது தர்மம் ஆகாது. அவற்றைச் சாலைக்கு இழுத்து வண்டியில் அடிபடச் செய்வதே ஆகும். நெகிழிப் பைகளை மலையில் விடாமல் திரும்பக் கொண்டுவருவதும் ஒரு கைங்கரியமே. ஏலக்காயை உள்ளூர்க் கடையில், நிறமும் பருமனும் பார்த்து, நியாய விலைக்கு வாங்கலாம். கசக்கிப் பேரம் பேச வேண்டுவதில்லை.

இம்மலைத் தொடரில் 2006-லும் 2018-லும் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின்படி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். குறிஞ்சிக் கிழவனாம் முருகனின் மலை நீலம் போர்த்தும் அந்நாளில் பல்லாயிரவர் வருவார்கள். அவர்களை வரவேற்க அடிவாரத்தில் தூய்மையான விடுதிகளும், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும், கலப்படமற்ற கடைகளும் ஆயத்தமாக இருக்குமா என்பது இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே தங்கிச் செல்வோரைப் பொறுத்தது. தங்குவோர் இருந்தால் விடுதி எழும்.

தீர்த்தத்தில் மணக்கும் ஏலம் எந்த ஊர் வழியே வருகிறதோ, அவ்வூருக்கு ஓர் இரவு விருந்தாகச் செல்வது பெருமாளுக்கும் உகந்ததாகவே இருக்கும்.