சுவர்ப் பாசியும் ஒரு காடே

சுவரில் பாசி படர்ந்தால் அதனைச் சுரண்டி எறிவதே தூய்மை என்பது பலரது எண்ணம். வழுக்கும் படிகளிலும் நடைபாதைகளிலும் அவ்வாறு செய்தல் தேவையே. ஆயினும், எவர்க்கும் இடையூறு செய்யாத மதிற்சுவரின் பாசியையும் அழித்தல் முறையன்று. அப்பாசி, கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் பல வாழும் சிறு காடாகும்.

அக்காட்டில் வாழ்வனவற்றுள் ஒன்று நீர்க்கரடி. பெயரில் கரடி இருப்பினும், இது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரினும் சிறியது. எட்டுக் கால்களும் அவற்றின் நுனியில் நகங்களும் உடையது. பாசியைச் சூழ்ந்த மெல்லிய நீர்ப்படலமே இதன் உலகம். அந்நீர் வற்றினால் கால்களை உள்ளிழுத்து, உடலைச் சுருக்கி, அசைவற்றுக் கிடக்கும். மழை பெய்து ஈரம் ஊறியதும் மெல்ல உயிர்த்தெழுந்து நடமாடும்.

நீர்க்கரடிகளுள் ஒரு பேரினம் பாராமேக்ரோபயோட்டஸ். பெங்களூருவின் பாசியிலிருந்து எடுக்கப்பட்ட இப்பேரினத்து உயிரை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கிருமிகளைக் கொல்லும் புற ஊதாக் கதிர்களை 15 நிமிடம் செலுத்தியபோது, ஒப்பிடுவதற்காக வைத்த வேறோர் இன நீர்க்கரடிகள் ஒரு நாளுக்குள் மடிந்தன. இவையோ 30 நாள்களுக்கு மேலும் வாழ்ந்தன. தோலின் கீழுள்ள ஒளிரும் பொருளே இவற்றின் கேடயம். அது தீய கதிரை ஏற்று, தீங்கற்ற நீல ஒளியாக மாற்றி வெளியிடுகிறது. 2025ஆம் ஆண்டில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றபோது, நீர்க்கரடிகளும் ஆய்வுக்காக உடன் சென்றன.

இத்துணை வலிமை உடைய உயிர்க்குக் காப்பு எதற்கு எனச் சிலர் வினவலாம். வறட்சியை உறங்கிக் கடக்கும் நீர்க்கரடி, உறக்கத்தில் உண்பதுமில்லை, முட்டையிடுவதுமில்லை. அவற்றுக்கு ஈரமும் இரையும் உள்ள இடம் வேண்டும். பாசியை அழித்தால் அவ்விடமே இல்லாது போகும்.

புலியையும் யானையையும் காக்கக் காடு வேண்டும் என்பதை அனைவரும் ஒப்புவர். ஒரு சாண் பாசிக்கும் அந்நீதி பொருந்தும். பெங்களூருவின் அப்பாசி ஆய்வாளர் கண்ணில் படுமுன் சுரண்டப்பட்டிருந்தால், அதனுள் இருந்த வியப்பை எவரும் அறிந்திரார். ஆதலின், சுரண்டும் கருவியை எடுக்குமுன், அது தேவைதானா என ஒருமுறை எண்ணுதல் நன்று.