எல்லை தாண்டிய பட்டம்

எம்.ஜி.ஆரை வீழ்த்த எதிராளிகள் மேடைதோறும் எடுத்த ஆயுதம் ஒரே சொல்: மலையாளி. 1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர்தான். ஆனால் தந்தை கோபால மேனன். தாயார் சத்யபாமாவின் ஊரான வடவனூர் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில். (ஆந்திரத்துச் சித்தூர் வேறு.) புலவர் செ. இராசு 'செந்தமிழ் வேளிர் எம்.ஜி.ஆர்.' என்ற நூலில், எம்.ஜி.ஆரின் முன்னோர் கொங்கு நாட்டு மன்றாடியார்கள் என்று வாதிட்டார்.

வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயரின் கதை சுவையானது.

'மன்று' என்றால் ஊர் கூடும் இடம். மாடு அடையும் தொழுவம் என்றும் பொருள் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'மன்றாடி' என்பவர் இடையர். கோயில் விளக்குக்கு நெய் அளக்கும் பொறுப்பை ஏற்று ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பல கோயில்களில் கணக்கு. பின்னாளில் அதே சொல் கொங்கு வேளாளரிடையே கௌரவப் பட்டமானது. காங்கேயம் காளைகளைப் பேணி வளர்த்துப் புகழ்பெற்ற பழையகோட்டைப் பட்டக்காரர்கள் மன்றாடியார்கள்தான்.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் உச்சரிப்பு மாறுகிறது. தமிழின் 'ன்ற' மலையாளத்தில் 'ன்ன' ஆகும். கன்று அங்கே கன்னு, குன்று, குன்னு, கொன்றை, கொன்ன. மன்றாடியாரும் மன்னாடியார் ஆகிவிட்டார். சித்தூர் வட்டாரத்தில் நாயர் குடும்பங்களிலும் இந்தப் பட்டம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவபூதியின் 'உத்தரராமசரித'த்தை மலையாளத்தில் தந்தவர் சாத்துக்குட்டி மன்னாடியார்.

வேடிக்கை என்னவென்றால், இதே சித்தூரில்தான் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் 'கொங்கன் படை' திருவிழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கு மன்னனைப் பகவதி விரட்டியடித்ததாக ஐதீகம். விரட்டப்பட்டவன் ஊர்ப் பட்டமோ இங்கேயே தங்கிவிட்டது. சற்றுக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் போனால் இன்றும் வீடுகளில் தமிழ்தான். கொச்சி சமஸ்தானத்தின் பகுதியாக இருந்த சித்தூர், 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது கேரளத்தில் சேர்ந்தது. கோடு வரைபடத்தில் விழுந்தது. பேச்சிலும் பெயரிலும் விழவில்லை.

இதை வைத்து எல்லா மன்னாடியாரும் கொங்கிலிருந்து போனவர்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். பட்டம் என்பது ரத்தம் அல்ல. பிறப்பால் வருவதும் உண்டு, அரசர் கொடுத்து வருவதும் உண்டு, பெருமைக்காகச் சூட்டிக்கொள்வதும் உண்டு. இடையர், வேளாளர், நாயர் என்று வெவ்வேறு கைகளில் ஒரே சொல் புழங்கியிருப்பதே அதற்குச் சாட்சி. ஒருவரை அந்நியர் என்று ஒதுக்கவும், நம்மவர் என்று அணைக்கவும் இதே பெயர்களைத்தான் தேடுகிறோம்.

தமிழ்நாட்டு வாக்காளர்கள் இந்த ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் வடவனூர்ப் பெண்ணின் மகனையே முதல்வராக்கினார்கள்.